பொட்டு வைத்த அஞ்சலட்டை

நஞ்சுண்டன் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. காரணம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுவார், அவ்வளவுதான். டாலஸ் பக்கத்தில் காப்பெலில் சொந்த வீடு, டெலிபோன் சாமான் செய்யும் கம்பெனியில் நல்ல வேலை, சாதுவான மனைவி, ஒழுங்காகப் படிக்கிற மகள். இருந்தும் ஃப்ரீவேயில் பாதி தூரம் போனதும் கேரேஜ் கதவை மூடினோமா என்ற கவலை வந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் மூடித்தான் இருக்கும். பார்க்க வந்த அவசரத்தில் பொத்தானை அமுக்கித் திறந்துவிட்டுப் போகிறோமோ என்பது அடுத்த கவலை.

இப்படிப்பட்ட மனிதர் ஆசைப்பட்டுச் சேர்த்த பொருள் என்ன தெரியுமா? காகிதம். தண்ணீர் பட்டால் ஊறும், வெயில் பட்டால் மஞ்சளாகும், பூச்சி அரிக்கும். இரும்புப் பெட்டி சேர்த்திருக்கலாம், பித்தளைப் பூட்டு சேர்த்திருக்கலாம். இவர் போய்ப் பழைய ஜனாதிபதித் தேர்தல்களில் அச்சடித்து ஊரெங்கும் வாரி இறைத்த துண்டுப் பிரசுரங்களையும் சுவரொட்டிகளையும் அஞ்சலட்டைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அது தொடங்கியது 1992-இல். பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கிய புதிது. அபார்ட்மென்டில் தனியாக இருந்தார். ஒரு சனிக்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பெண் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினாள். ‘உங்கள் வாக்கு எங்களுக்குத் தேவை’ என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு ஓட்டு இல்லையே என்றார் இவர். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வந்த நாளிலிருந்து யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த மனிதருக்கு அந்த ஒரு வரி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. தாளைப் பத்திரமாக எடுத்து வைத்தார். அதற்குத் துணையாக இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்கும் கேரேஜ் சேல்களில் பொறுக்க ஆரம்பித்தார்.

2000-ஆம் வருடம் வந்தபோது கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, ஓட்டும் இல்லை. ஆனால் நூறு வருடமாக இந்த நாட்டில் யார் யாரோ ஓட்டுக் கேட்ட காகிதமெல்லாம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. “நம்மூர்ல இதுல வடை மடிச்சுக் குடுப்பாங்க நஞ்சுண்டா” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. தொடுவதற்கு வெள்ளைப் பருத்திக் கையுறை. அலமாரி இருந்த அறையில் காபி கூடாது, ஈரத் தலை கூடாது, தும்மல் கூடவே கூடாது.

அந்த வருடம் தேர்தல் காலம் என்பதால் ஊர் நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையை அவருக்கு ஒதுக்கித் தந்தார்கள். ‘அன்று எப்படி ஓட்டுக் கேட்டார்கள்’ என்று ஒரு சின்னக் கண்காட்சி. நஞ்சுண்டனுக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பயத்தில் இறங்கவில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது, வில்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், எண்பது வயது, தனிக்கட்டை. ஒரு கேரேஜ் சேலில் பழக்கமானவர். கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் அவரே கூப்பிட்டு, சமையலறை மேஜையில் ஓர் அஞ்சலட்டையை எடுத்து வைத்தார். 1920 தேர்தலுக்கு அச்சடித்தது. பெண்கள் நாடு முழுக்க ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அது. ஒரு மரக் கட்டடத்தின் முன்னால் வெள்ளை உடுப்பில் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். நான்கு பேர் ஒரு துணிப் பதாகையைப் பிடித்திருக்கிறார்கள். ஓரத்தில் நிற்கிறவள் கையில் துணி சுற்றிய ஒரு குழந்தை. ‘இந்த முறை நாங்களும் போடுகிறோம்’ என்று கீழே ஒரு வரி.

“இடமிருந்து இரண்டாவது என் அம்மா” என்றார் வில்மா. “எனக்கு ஆறு வயதில் சூறாவளியில் வீடு போயிற்று, அம்மாவும் போனாள். அவள் முகம் என்னிடம் இது ஒன்றுதான். விற்க மாட்டேன். ஆனால் நாலு பேர் பார்க்கட்டும், கொண்டுபோ.”

நஞ்சுண்டன் அதை வாங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் மூன்று முறை வண்டியை ஓரங்கட்டி, உறைக்குள் இருக்கிறதா என்று பார்த்தார்.

கண்காட்சி சனிக்கிழமை மதியம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர் அலமாரியைத் திறந்தார். தாள்களை வைத்திருந்த பெட்டியைக் காணோம்.

வாய்விட்டுக் கத்தவில்லை, கத்த மூச்சு வரவில்லை. கூடத்துக்கு ஓடினார். அங்கே மகள் வெண்பாவின் கணக்குப் புத்தகங்கள், அவருடைய லேப்டாப், காரின் மாற்றுச் சாவி, எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய பெட்டி. மேலே பட்டுத் துணி, பக்கத்தில் சாமந்திப்பூ, ஒரு சாண் தூரத்தில் எண்ணெய் ததும்ப எரியும் குத்துவிளக்கு. ஊதுவத்திப் புகைக்கு அலறக் கூடாதென்று ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி அதையும் ஒரு தட்டில் வைத்திருந்தாள் மனைவி கலாவதி. அதற்கும் ஒரு பூ.

“கலா! இதை எதுக்கு எடுத்த?”

“ஏனுங்க, இன்னைக்கு அவங்கவங்க படிக்கறதைச் சாமிகிட்ட வெக்கோணுமில்லைங்களா? உங்களுக்குப் படிப்பு இதுதானுங்களே. நாளைக்கு ஷோ நல்லா நடக்கட்டும்னு வெச்சனுங்க.”

“சரி, வெச்சாச்சில்ல. எடுத்துடறேன்.”

“ஐயையோ, டச் பண்ணாதீங்க! பூஜையில வெச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க. நாளைக்குக் காலையில மறுபடி பூஜை போட்டுட்டுத்தான்.”

இந்த விதி நஞ்சுண்டனுக்கும் தெரியும். சின்ன வயதில் பாடம் படிக்காமல் தப்பிக்க அவரே எத்தனையோ முறை பயன்படுத்திய விதிதான். இப்போது அது அவரையே பிடித்துக்கொண்டது. மீறி எடுக்கலாம். எடுத்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாமிக்கும் பயம், விளக்குக்கும் பயம். சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டு சுடரையே பார்த்தபடி உட்கார்ந்தார். எண்ணெய் வற்றி அது தானாக அணைந்த பிறகுதான் சாப்பிட எழுந்தார்.

விடிந்து, கலாவதி கற்பூரம் காட்டி முடித்ததும் பெட்டியை அள்ளிக்கொண்டு அறைக்குப் போனார். கையுறை மாட்டினார். முதல் உறையை எடுத்தார். 1992-இன் தாள், அப்படியே இருந்தது. அடுத்தது 1984, அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். அடுத்து 1908.

அந்த வருடம் தோற்றுப்போன வேட்பாளரின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

1896-க்கும் பொட்டு. 1912-க்கும் பொட்டு. தாள் பழையதாகப் பழையதாக, விலைமதிப்பு ஏற ஏற, பொட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. வில்மாவின் அஞ்சலட்டையை உருவினார். ஐந்து பெண்களின் நெற்றியிலும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாக ஐந்து பொட்டுகள்.

“கலா!”

இந்த முறை கத்தல் நன்றாகவே வந்தது. அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“பிளாஸ்டிக் உறையில இருந்துச்சே, எப்படி…”

“பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வெச்சா சாமிக்குப் போய்ச் சேருங்களா? வெளிய எடுத்துத்தான் வெச்சனுங்க. வருசம் பார்த்துத்தான் வெச்சனுங்க” என்றாள் பெருமையாக. “செத்தவங்க படத்துக்குத்தானே பொட்டு வெக்கறது? உசுரோட இருக்கறவங்களுக்கு வெச்சுட்டா பாவமில்லைங்களா? அதான் புதுசையெல்லாம் விட்டுட்டு, கண்டிப்பாப் போயிருப்பாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் வெச்சனுங்க. இந்தம்மாக்களுக்குத் தீக்குச்சி நுனியில. எவ்வளவு நேரம் பிடிச்சுது தெரியுங்களா!”

நஞ்சுண்டன் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத வேண்டாம். நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெண்ணிடம் பேசக் கூடாததைப் பேசினார். கலாவதி முகம் சுருங்கிப்போய் வாசற்படியிலேயே நின்றாள்.

துடைக்க முடியுமா என்று முதலில் 1908-இல் பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். குங்குமம் இழுத்துக்கொண்டு போய்ப் படத்தில் இருந்தவருக்கு ஒரு சிவப்பு மீசையாக முளைத்தது. அத்தோடு விட்டுவிட்டார். வில்மாவிடம் என்ன சொல்வது? காணோம் என்று சொல்லலாம். நாளைக்கு வைக்கிறேன் என்று சொல்லலாம். சட்டம் போட்டு நெற்றி மறைகிற மாதிரி ஓர் அட்டையை வைக்கலாம். நெற்றியை மறைத்தால் முகம் எங்கே தெரியும்? அந்தக் கிழவிக்கு அம்மா என்று இருந்தது அந்த நகத்தளவு முகம் ஒன்றுதான். அதைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் கலாவதி கூப்பிடாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் பொட்டு இல்லாத தாள்களாகப் பார்த்து அடுக்கினார் நஞ்சுண்டன். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அஞ்சலட்டை சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்மா வராமல் இருந்துவிட மாட்டாரா என்றுகூட நினைத்தார்.

வில்மா வந்தார். தலை வாரி, முத்துமாலை போட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராகப் பேழைக்கு வந்தார். காலி இடத்தைப் பார்த்தார்.

“என் அம்மா எங்கே?”

நஞ்சுண்டன் பையின் மேல் வைத்த கையை இன்னும் அழுத்தினார். கலாவதி அந்தக் கையை விலக்கி, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“சாரி ஆன்ட்டி. மை மிஸ்டேக். ஐ டிட்” என்றாள். தெரிந்த இங்கிலீஷில், எங்கள் வீட்டில் இறந்துபோனவர்கள் படத்துக்கு இப்படி வைப்போம், அது மரியாதை, உங்களைக் கேட்காமல் வைத்தது தப்பு என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

வில்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“குழந்தைக்கு வைக்கவில்லையே?” என்றார் வில்மா.

“பேபி…” கலாவதி தயங்கினாள். “பேபிக்கு ஒன்லி எய்ட்டி இயர்ஸ், ஆன்ட்டி. மே பி லிவிங். லிவிங்னா வெக்கக் கூடாது.”

கிழவியின் உதடு நடுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தார் நஞ்சுண்டன். வில்மா சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

“அம்மா பதாகையைப் பிடிக்க வேண்டும் என்று என்னைச் சித்தி கையில் கொடுத்திருந்தாள்” என்றார். குழந்தையின் மேல் விரலை வைத்தார். “இது நான். நாட் யெட்.”

அப்படியே பேழையின் நடுவில் வைக்கச் சொன்னார். போகும்போது கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பிறகு இது உனக்குத்தான் வரும், மீதிப் பொட்டை நீயே வைத்துவிடு என்றார். “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஆன்ட்டி” என்று கலாவதி தமிழிலேயே பதறினாள்.

அந்தத் தேர்தலில் எண்ணிக்கை இழுபறியாகி, துளை போட்டு ஓட்டுப் போட்ட சீட்டுகளில் ஓட்டை சரியாக விழுந்ததா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து நாடே வாரக்கணக்கில் காகிதத்துக்காகக் கவலைப்பட்டது. ஒரே ஓர் ஆள்தான் படவில்லை. நஞ்சுண்டனின் கவலை காகிதத்திலிருந்து வில்மாவுக்கு மாறிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். மணி அடித்துக்கொண்டே இருந்தால் கார் சாவியைத் தேடுவார். “நாட் யெட்” என்று மறுமுனையில் குரல் வரும், ஹலோ சொல்வதற்குப் பதிலாக.

2001 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கம் முடிந்த பிறகு வில்மாவின் தம்பி மகன் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மேலே கலாவதியின் பெயர், உள்ளே அந்த அஞ்சலட்டை.

கலாவதி குங்குமச் சிமிழையும் தீக்குச்சியையும் எடுத்து வந்தாள். அட்டையைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. “நீங்களே வெச்சுருங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நஞ்சுண்டன் கையுறை போடவில்லை. தீக்குச்சி நுனியைக் குங்குமத்தில் தொட்டு, அந்தக் குட்டி முகத்தை நோக்கிக் கொண்டுபோனார். கண் கலங்கி எதிரே இருப்பது தெரியவில்லை. கை ஆடிவிட்டது. பொட்டு நெற்றியில் உட்கார்ந்து, குச்சி நழுவிக் கன்னத்திலும் ஒரு புள்ளியாக விழுந்தது. “கெடுத்துட்டேன் கலா” என்றார்.

கலாவதி குனிந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்லைங்க. குழந்தைக்குக் கன்னத்துலயும் வெப்பாங்கதானுங்களே.”