நான் போட்ட டிக்

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி வாரிய அதிகாரிகள் முகாம் போட்டார்கள். ஊர்க் கோடியில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வாடகை உதவி வாங்கிக்கொண்டு, புதுக் கட்டடம் எழும்பும்வரை வேறெங்காவது இருந்துகொள்ளலாம். படிவத்தில் இரண்டில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும்.

எங்கள் மாடியில் எட்டு வீடு. கல்யாணமோ சாவோ, எட்டும் ஒன்றாகத்தான் நிற்கும். முகாமுக்கு முதல் நாள் சாயங்காலம் மாடிப்படியில் கூடினோம். எல்லோரும் ஊர்க் கோடிக்கே டிக் போடுவது, எட்டு வீட்டையும் ஒரே மாடியில் கேட்பது என்று முடிவாயிற்று. எதிர்வீட்டு அக்கா கற்பூரம் ஏற்ற, ஆளுக்கொன்றாக அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். நானும்தான்.

மறுநாள் படிவம் கைக்கு வந்தது. மகள் பத்தாவது போகப்போகிறாள். மயிலாப்பூரில் நல்ல பள்ளிக்கூடம். இப்போது போய் மாற்றினால் படிப்பு பாழ் என்று மனசு அடித்துக்கொண்டது. யாரும் பார்க்காமல் வாடகை உதவிக்கு டிக் போட்டுவிட்டேன்.

பட்டியல் ஒட்டியபோது குட்டு உடைந்தது. எதிர்வீட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கற்பூரம் அட்ச்ச கையிமே அது," என்றாள். அதோடு பேச்சு நின்றது.

அபிராமபுரத்தில், நான் சமையல் வேலை பார்க்கும் தெருவிலேயே ஓர் அறை கிடைத்தது. மகள் நடந்தே பள்ளிக்குப் போனாள். காலாண்டில் கணக்கு பெயில். அரையாண்டிலும் பெயில். அதுவரை பெயில் என்பதே அறியாதவள். சாம்பாரில் உப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லாத அளவுக்கு எனக்குப் பயம்.

"உனுக்காகத்தானடி அத்தினி பேர் வாயிலயும் வுழுந்தேன்!" என்று கத்தினேன்.

அவள் நிமிரவேயில்லை. "எனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது ஸ்கூலு இல்லம்மா. எதிர்வூட்டு அக்கா பொண்ணுதான். டெய்லி மாடிப்படில குந்திக்கினு படிச்சோமே, நீ பாக்கல?"

பார்த்தேன். தண்ணீர்க்குடத்தோடு அவர்களைத் தாண்டித்தான் தினமும் ஏறினேன். அரட்டை அடிப்பதாக நினைத்து, வழியை விடுங்கடி என்று திட்டியும் இருக்கிறேன்.

பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஊர்க் கோடிக்குக் குடிபோய்விட்ட எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெயம பொண்ண அனுப்பு. எம் பொண்ணு சொல்லிக் குடுப்பா," என்றாள். "ஆனா நீ வராத."