விட்டுப்போன எட்டுக் கட்டங்கள்

மாணவர் உள்ளே வந்ததும் அக்கா பியானோவை மூடிவிடுவார். வந்தவர் உட்கார்ந்து, விரல்களுக்குச் சொடுக்கெடுத்து, கையை உயர்த்தும் நேரத்தில் சரியாக மூடி இறங்கும். “முதல்ல பாடுங்க. கை தட்டிக்கிட்டே பாடுங்க. வீடு எங்கன்னு தெரிஞ்சாதானே ஊர் சுத்தலாம்?”

ஜாஸ் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். வயது அறுபத்து மூன்று. எல்லாருக்கும் அக்கா, அவரைவிடப் பத்து வயது மூத்த எனக்கும். அவர் வகுப்பறைக்கு நேர் கீழே என் வீடு. ஓய்வுபெறும்வரை ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடாக்களுக்கு எண் போட்டு அடுக்கிவைக்கும் வேலை பார்த்தவன் நான். அவருடைய நான்கு ரெக்கார்டுகளின் மூல நாடாக்களும் என் கையால் அடுக்கப்பட்டவை.

பியானோவின் காலில் ஒரு நகவெட்டி நூலில் கட்டித் தொங்கும். நகம் வளர்த்தவர்கள் அங்கேயே வெட்டிக்கொள்ள வேண்டும். மேடையில் இடது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார். கைதட்டலுக்கு எழும்போது அதை மாட்ட மறந்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கும்பிடுவார். சொந்த ரெக்கார்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை. கேட்டால், “என் மூஞ்சிய நானே எத்தனை தடவை பாக்கறது?” என்பார். அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் படிக்கிற பல் மருத்துவர் ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கத்தை மீறிப் பியானோவைத் திறந்துவைக்கச் சொன்னார். அக்காவின் இரண்டாவது ரெக்கார்டில் புகழ்பெற்ற அந்த வாசிப்பை ஒரு சுரம் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். கடைசிச் சுரம் அடங்குமுன்பே, “ஆறு மாசம்க்கா!” என்றார். “அந்த பாஸ் வாசிக்கிற ஆளு சொதப்பற இடத்துல நீங்க அசரவே இல்ல பாருங்க, அங்க எனக்கு மயிர்க்கூச்செறியும்.”

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. “நல்லா வாசிச்சீங்க. அடுத்த வாரம் வாங்க.”

பாதி வகுப்பில் அனுப்பப்பட்ட மருத்துவர் படியில் என்னைப் பார்த்து, “எங்க தப்பு பண்ணேன் சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார். மேலே போய் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

“அவர் எங்க பண்ணார்? நான் பண்ண தப்பைக்கூட அப்படியே வாசிச்சுட்டுப் போறார், பாவம்.”

அந்தப் பாட்டு முப்பத்திரண்டு கட்டம், கட்டத்துக்கு நான்கு தட்டு. ஒரே மெட்டு இரண்டு தரம் வரும். பிறகு எட்டுக் கட்டம் வேறு மெட்டில் நடுப்பகுதி. மறுபடி முதல் மெட்டு. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். வாசிப்பவர் அதற்குள் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கச்சேரியிலேயே பதிவான ரெக்கார்டு அது; அன்று மேடையில் அக்கா மறந்தார். நடுப்பகுதியை அப்படியே விட்டுத் தாண்டிப்போனார். ஆளுயர பாஸை அணைத்தபடி பக்கத்தில் நின்றவர் சரியான வழியில் போனார். நான்கு கட்டம் இருவரும் முட்டிக்கொண்டார்கள். அதன்பின் அவர் தன் வழியை விட்டு அக்காவின் வழிக்குத் தாவி வந்து சேர்ந்தார். கேட்பவர் காதுக்குத் தாவியவர்தானே தவறியவர்?

“பாஸ்காரர் தடுமாறினார், பியானோ தாங்கிப் பிடிச்சதுன்னு பத்திரிகைல போட்டான். நான் அதை வெட்டி ஃபிரேம் வேற போட்டு மாட்டினேன் சார். பாஸ் வாசிச்சவன் வந்து பாத்தான். ‘ஃபிரேம் நல்லாருக்குக்கா’ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.”

ஃபிரேமை எப்போதோ கழற்றிவிட்டார். ஆனால் பாஸ்காரருக்குக் கச்சேரிகள் குறைந்து நின்றுபோயின. இப்போது மரச்சாமான் கடையில் வேலை.

போன மாதம் அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிடப்போவதாக இருவரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். பழைய நாடாவை அடையாளம் காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். பாஸ்காரர் கடைச் சீருடையோடு, சட்டையில் மரத்தூளோடு வந்தார். இளைஞரான ஒலிப்பதிவாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பியானோவும் பாஸும் தனித்தனியா பதிவாயிருக்கு மேடம். இவர் தடுமாறுற இடத்துல பாஸ் சத்தத்தை மட்டும் இறக்கிட்டேன். கேளுங்க.”

கேட்டோம். பியானோ மாசுமறுவில்லாமல் ஓடியது. பாஸ் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை.

“பிரமாதம் தம்பி,” என்று பாஸ்காரர் சிரித்தார். “இப்பவாச்சும் என் மானம் பொழைச்சுது.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒலிப்பதிவாளர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, “அப்ப இப்படியே வெளியிட்டுடலாமா?” என்றார்.

“தப்பு பண்ணது நான்,” என்றார் அக்கா. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? எனக்கே பழகிப்போச்சு,” என்றார் பாஸ்காரர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அக்கா எழுந்து ஒலிப்பதிவாளரின் மேசைக்குப் போனார். அதில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகரும் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. “இதுல எது அவன், எது நான்?” ஒலிப்பதிவாளர் காட்டினார். அக்கா பாஸின் பொத்தானை முன்பிருந்த உயரத்துக்கு ஏற்றினார். பியானோவின் பொத்தானை அடிவரை இறக்கினார்.

“ஓட்டுங்க. இந்த நாலு கட்டமும் இப்படியேதான் வெளிய வரணும்.”

பாஸ் தனியாக, நிதானமாக, நடுப்பகுதிக்குள் இறங்கி நடந்தது. பாஸின் மைக்கில் அன்று விழுந்திருந்த பியானோ மட்டும், எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் மெல்லிசாகக் கசிந்தது. இறக்கிய பொத்தான் இறக்கிய இடத்திலேயே தானாக நிற்கும். ஆனாலும் அக்கா விரலை எடுக்காமல், நகம் வெளுக்க, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.