மல்லிகாவின் பதிலை நான் எழுதியபோது

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரத்தில் என்னை மிஞ்ச இன்றும் ஆளில்லை. என் வாய்ச்சொல்லில் நடந்த கல்யாணங்கள் ஏராளம்.

வாட்ஸ்அப்பில், ஆளுக்கொரு பாத்திரமாக மாறிச் சேர்ந்து கதை எழுதும் குழுவில் இருக்கிறேன். அதில் நான் பண்ணையார். செந்துறைப் பெண் ஒருவர் எழுதும் பாத்திரம், பஸ் கண்டக்டர் மல்லிகா. ஒருநாள் பண்ணையார் தன் மகனுக்கு மல்லிகாவைப் பெண் கேட்பதாக எழுதினேன். அதோடு விடாமல், ‘மல்லிகா தலைகுனிந்து சம்மதித்தாள்’ என்றும் நானே எழுதிவிட்டேன்.

உடனே அந்தப் பெண் எழுதினார்: “ஐயா, உங்க ஆளு கேக்கலாம். என் ஆளு பதிலை நீங்க எப்படி எழுதுவீங்க? இப்படின்னா நான் குழுவை விட்டே போயிடுறேங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல சம்பந்தம்தானே கொண்டுவந்தேன்? மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“தலை குனிஞ்சா சம்மதம்தானே? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீயும் அப்படித்தானே குனிஞ்ச?”

அவள் சிரித்துவிட்டாள். “அன்னைக்கு எனக்குக் காய்ச்சலுங்க, தலை நிக்கல. சம்மதமான்னு யாரு கேட்டா?”

அந்த வரியை அழித்தேன். “மன்னிச்சுக்கம்மா. மல்லிகா என்ன சொல்றா?” என்று குழுவில் கேட்டேன்.

“மாட்டேங்குறா ஐயா” என்று பதில் வந்தது.

பண்ணையாரை இனி என்ன பேச வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று மனைவியிடம் கேட்க வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு எதையோ பேசிவிடுகிறேன்.