மூளைக்குள் கஞ்சாவும் பக்கத்துக் கொட்டில் மாஸ்டரும்

ரியூசன் மாஸ்டருக்குத் தொண்டை கட்டினால் மருந்து உண்டு, பிள்ளைகள் பக்கத்துக் கொட்டில் வகுப்புக்குப் போனால் மருந்து கிடையாது. இந்தத் தொழிலில் மாரடிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொக்குவிலில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தகர வேலிக்கு அந்தப் பக்கம் குகன் மாஸ்டர், அதே பாடம். கம்பஸில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனுடைய கொட்டிலில் பிள்ளைகள் வாசலிலும் நிற்கிறார்கள். என்னுடையதில் வாங்குகள் வெறுமையாகிக்கொண்டு வருகின்றன.

தலைக்குள் என்ன இருக்கிறது?

மிஞ்சிய பிள்ளைகளைப் பிடித்து வைக்க, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். கஞ்சாவில் இருப்பதைப் போன்ற ஒரு பொருளை எங்கள் மூளையே செய்துகொள்கிறது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி அளவுக்கு மிஞ்சினால், பெறுகிற கலம் இந்தப் பொருளைச் சுரந்து பின்பக்கமாக அனுப்பி, அனுப்புகிற கலத்தை அடக்கிவிடும்.

மறுநாள் ஒரு பையனின் தாய் வந்து நின்றார். கடலால் வருகிற கஞ்சாப் பொதிகள் பிடிபடுகிற செய்தியைப் பேப்பரில் ஒன்றுவிடாமல் படிக்கிறவர். எவ்வளவு விளக்கியும் முகம் இளகவில்லை. மகனைக் குகனிடம் சேர்க்கக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்போது சொன்னார்: "எங்கடை பிள்ளையின்ரை தலைக்குள்ளை அப்பிடி ஒண்டும் இல்லை மாஸ்டர். வேணுமெண்டால் ரத்தம் எடுத்துப் பாருங்கோ."

பலாலி வீதி மினிபஸ்

அந்தப் பையன் போய்க் கேட்டிருக்க வேண்டும், குகனும் அதையே படிப்பித்தான். நான் வேலியோரம் நின்று கேட்டேன். வெட்கம்தான், என்ன செய்ய. பலாலி வீதி மினிபஸ்ஸில் கொண்டக்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டே இருப்பார், உள்ளே நசிபடுகிறவர்கள் "காணும் அண்ணை, இனி ஏத்தாதேங்கோ" என்று வாசலுக்குக் குரல் கொடுப்பார்கள், அவரும் அடுத்த ஹோல்டில் நிற்பவர்களை ஏற்றாமல் விடுவார். அந்தக் குரல்தான் இந்தப் பொருள் என்றான். கொட்டில் அதிரச் சிரித்தார்கள். அதே பஸ்ஸில் நசிபட்டுத்தான் நானும் வருகிறேன், எனக்கேன் இது தோன்றவில்லை?

அடுத்த வகுப்பில் பஸ்ஸைப் பள்ளிக்கூட வானாக்கி நானும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "உது குகன் சேர் சொல்லிட்டார், சேர். அங்கை பஸ்."

வீட்டுக்குள்ளும்

என் மகளும் இந்த முறை உயர்தரச் சோதனை எடுக்கிறாள், என் வகுப்பில்தான் இருந்தாள். தானும் குகனிடம் போகப்போவதாகச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். ஊர்ப்பிள்ளைகள் போனதைப் பொறுக்கலாம். சொந்த மகளும் போனால் கொட்டிலைப் பூட்டவேண்டியதுதான். என்னைவிட அவனுக்கு என்ன கூடத் தெரியும் என்று கேட்டேன். கூட ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் கெட்டிக்காரன் என்றாள். பிறகேன் என்றேன்.

"நீங்கள் சொன்னால் முதல்தரமே விளங்கிடும் அப்பா. விளங்கிட்டுது எண்டு நாங்கள் தலையாட்டினாலும் நீங்கள் நிப்பாட்டமாட்டியள். அவர் எங்கடை முகத்தைப் பாத்து நிப்பாட்டுவார்."

அளவுக்கு மிஞ்சியதை அடக்க மூளைக்குள் இவ்வளவு ஏற்பாடு இருக்கிறதென்று ஊருக்கெல்லாம் படிப்பித்த எனக்கு, குகன் மேலுள்ள எரிச்சலை அடக்க மட்டும் ஒரு சொட்டும் சுரக்கக் காணோம்.