உபயமாக வந்த ஐஸ் பெட்டி

நம்பாதவர்கள் எப்போதும்வென்றான் ஊருக்குப் போய் மாடத்தியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

போன சித்திரையில், ஒரு திங்கட்கிழமை காலை, அவள் புருஷன் சாமித்துரை செத்துப்போனார். மகள் காவியா மஸ்கட்டிலிருந்து மறுநாள் காலையில்தான் வந்துசேர முடியும். அதுவரை அப்பன் முகம் கெடாமல் இருக்க வேண்டும். மாடத்திக்கு அந்த ஒரே கவலைதான்.

கோவில்பட்டி அறக்கட்டளை ஒன்றின் டிரைவர் சண்முகராஜ் வேனில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். கண்ணாடி மூடியில் 'உபயம்: பர்மா செண்பகராஜ்' என்ற எழுத்து, பக்கத்தில் சிரித்த முகமாக அவர் படம். பர்மாவிலிருந்து கட்டிய துணியோடு வந்து, தீப்பெட்டி ஆபீஸ் போட்டு, மில் முதலாளியாகி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அள்ளிக் கொடுத்தவர். கொடுத்த கை பெரிய கைதான். அதற்காகச் செத்தவன் தலைமாட்டிலுமா பல்லைக் காட்டுவது? மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் நாற்றம் கிளம்பியது. பெட்டி என்னவோ 'கிர்ர்...' என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கொழுந்தன் பெண்டாட்டி பூங்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "தாங்காதுக்கா. இன்னைக்கே எடுத்துருவோம்."

"எம்மவ வராம எடுக்க விடமாட்டேன்."

நாற்றம் தாளாமல் எல்லோரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். மாடத்தி மட்டும் இருந்தாள்.

டொக்... டொக்...

பெட்டிக்குள்ளிருந்துதான். கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு பட்டதுபோல் மங்கியது.

"ஏப்பா... கொஞ்சம் தள்ளிப் படு."

கிழட்டுக் குரல். சளி கட்டிய குரல்.

மூடியைத் தூக்கினாள்.

மல்லாக்கக் கிடத்திய சாமித்துரை, ஒருச்சாய்ந்து ஓரத்தில் ஒட்டிக் கிடந்தார். பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். மஞ்சளாக... கொழகொழவென்று...

தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். "அவியள வெளிய எடுங்க!"

வெளியே எடுத்த உடம்பில் துளி நாற்றம் இல்லை. ஐஸ் பாரில் கிடத்தினார்கள். மறுநாள் காவியா வந்து பார்த்தபோது அப்பன் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் பெட்டியை எடுக்க வந்த சண்முகராஜின் முகம் செத்திருந்தது.

"செண்பகராஜ் முதலாளி வெள்ளிக்கிழமையே போயிட்டாவளாம்க்கா. அறக்கட்டளைக்கு யாரு தலைவருன்னு மவன்மாருக்குள்ள சண்டை. அது தீருற வரைக்கும் ரூமுல வச்சுப் பூட்டிட்டானுவ."

"ஐஸ் பெட்டியிலயா?"

"பெட்டி போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்லா? வெறுங் கட்டில்லதான்."

ஊர்ப் பிணத்துக்கெல்லாம் பெட்டி கொடுத்தவரைப் பெற்ற பிள்ளைகளே அழுகவிட்டிருக்கிறார்கள். தூ!

சண்முகராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னைக்கு அள்ளித்தான் எடுத்தோம். ஆனா... உடம்புல ஒரு பக்கம் மட்டும் ஐஸ் கட்டியிருந்துச்சுக்கா."