அத்தை பனிமலைக்கு எழுதிய கடிதம்

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயத்தோடு நின்றுபோனது. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள் எங்கள் உறவிலேயே நான் ஒருத்திதான்.

மாப்பிள்ளை தேவிகாபுரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தார். பெண், அப்பாவின் தங்கை, என் அத்தை. நிச்சயம் முடிந்த கையோடு அவர் வடக்கே ஏதோ பனிமலைக்குப் போய்விட்டார். நான் அப்போது நாலாம் வகுப்பு. என்னோடு படித்தவர்களின் மாமாக்கள் ஆரணியில் தறி நெய்தார்கள், இல்லாவிட்டால் பட்டுக்கடையில் புடவை விரித்துப் போட்டார்கள். என் மாமா மட்டும் நாட்டைக் காப்பாற்றினார். இதை நான் தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவேன். அவர் இன்னும் எனக்கு மாமா ஆகவில்லை என்பதை நான் பொருட்படுத்தவே இல்லை.

அப்பா தங்கையின் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்துகொண்டிருந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. பாதிப் புடவை முடிந்திருந்தபோது அத்தை தறியின் பக்கத்தில் வந்து நின்று, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

வேறு யாரையாவது நினைத்திருக்கிறாயா என்று அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை. அவர் நல்லவர்தான், ஆனால் அவரோடு வாழ மனசு வரவில்லை என்றாள் அத்தை. நிச்சயத்துக்கு முன்னால் யாரும் தன்னைக் கேட்கவில்லை, தானும் வாய் திறக்கவில்லை என்றாள். யாராவது ஒருவன் இருந்திருந்தால்கூட வீட்டாருக்குப் புரிந்திருக்கும். யாருமே இல்லாமல் வேண்டாம் என்றதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அப்பாவுக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். "துப்பாக்கிய வெச்சிகினு பனியில நிக்கிறவருகிட்ட இதப் போயி சொல்றதா? ஏதாவது ஆயிட்டா? லீவுல வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

"லீவுல வரசொல்ல பத்திரிகையே அடிச்சிருப்பாங்க அண்ணா."

"அப்போ போன் வந்தா பக்குவமா சொல்லு."

"அவரு போன் பேசசொல்ல பின்னாடி வரிசையா ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க. அத்தன பேரு நடுவுல இத அவரு கேக்கணுமா? லெட்டர்னா தனியாப் படிச்சிக்குவாரு."

எழுதினாள். அவளே தபால் ஆபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

அப்புறம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செல்போன் அடித்தால் அப்பா எடுக்காமல் அம்மாவிடம் நீட்டுவார். விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அத்தைக்கு வேலூர்ப் பக்கம் ஒருத்தன் இருப்பதாக ஒரு வீட்டிலும், சென்னையில் இருப்பதாக இன்னொரு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். என் பங்குக்கு நானும் அத்தையைத் தலை பின்னவிடவில்லை. ஒரு மிலிட்டரி மாமாவைத் தொலைத்தவளிடம் தலையைக் கொடுப்பதா?

பதில் வரவில்லை. அவரே வந்தார். காலை வெயில் ஏறுவதற்கு முன், தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி எல்லா வீட்டு ஆட்களும் வெளியே வேலையாக இருந்த நேரம். முதுகில் பையோடு அவர் நடந்து வந்ததைப் பார்த்ததும் தெருவே கையை நிறுத்திவிட்டது.

அப்பா ஓடிப்போய்க் கும்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை அவர் பேசவிடவில்லை. மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர் அன்றைக்கு அண்ணே என்றார்.

"அண்ணே, உங்க தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல! எங்க பசங்களுக்கு இந்த மாதிரி லெட்டர் நிறைய வரும். பாதிப் பேருக்கு, நிச்சயம் பண்ண பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணம் முடிஞ்ச பின்னாடிதான் வரும். சில பேருக்கு அதுகூட வராது. இவங்க எனக்குத்தான் மொதல்ல சொன்னாங்க, உள்ளத உள்ளபடி சொன்னாங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சி. ஆனா என்ன ஏமாத்தல. யாராவது வேற மாதிரி பேசினா என்னாண்ட வந்து கேக்கச் சொல்லுங்க!"

அத்தை வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். தலையைக் குனியவில்லை.

"ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேங்க" என்றார் அவர். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அம்மா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்பா பஸ் ஏற்றிவிடப் போனார். திரும்பி வந்து, பல நாளைக்கு அப்புறம் அத்தையிடம், "சாப்டியா?" என்று கேட்டார்.

அந்தப் புடவையை அப்பா முடித்துப் பட்டுக்கடைக்குக் கொடுத்துவிட்டார். பட்டாளத்துக்காரருக்குக் கலசப்பாக்கத்தில் பெண் அமைந்தது. அத்தையும் பின்னாளில் தானே பார்த்துப் பேசி, சரி என்று சொல்லி ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்துதான் இருந்தோம்.

அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நிச்சயத்தன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே கேட்காதபடி பேசிய மனிதர், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அப்பாவிடம் எதற்காக அப்படிக் கத்திப் பேசினார்? பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதையும் பெருமையாகச் சொன்னேன்.