வாலுக்குள் இருந்து மூன்று தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் தகடு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பெங்களூரில் பல வருஷம் விமானத் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி அடித்தவள். அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. இதையும் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பத்தமடை தாண்டி சேரன்மகாதேவி போகிற வழியில் ஒரு டாக்டர் தன் தோட்டத்தில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஆட்களையும் சரக்கையும் சுமந்து பறந்த டகோட்டா விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்து, துண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். விடுமுறை நாட்களில் நான் போய் அதைப் பொருத்திச் சேர்ப்பேன். எனக்குத் துணை இசக்கி. தச்சநல்லூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைக்காரன், ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. சோதனைக்கு வந்த பொறியாளரோ வால் பகுதியை ஆட்டிப் பார்த்துவிட்டு, இது உறுதியாக இல்லாமல் அனுமதி கிடையாது, திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

"டீச்சர், வாலை வெட்டிப் போட்டுருவோமா? முன்பக்கம் மட்டும் இருந்தாப் போதும்லா?" என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாலை வெட்டுனா அது பிளேனா சார்? திங்கக்கிழமைக்குள்ள நான் முடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் காலையிலேயே தோட்டத்துக்கு வந்துவிட்டேன்.

ரிவெட் அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஆணியின் அடிமுனை நசுங்கித் தகட்டைக் கவ்வும். முட்டு இல்லாமல் அடித்தால் ஆணி பிடிக்காது. சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதால் தட்டித்தான் பேசிக்கொள்வோம். உள்ளிருந்து ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி. இசக்கிக்கு இந்த இரண்டைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து சாரத்தில் ஏறினேன். வேப்பமரத்தடியில் இசக்கியின் வண்டி நின்றது, அவன் வாலுக்குள் போய்விட்டான் என்று நினைத்துக் காதடைப்பை மாட்டினேன். தகட்டில் விரலால் தட்டி, ரெடியா என்று கேட்டேன். உள்ளிருந்து இரண்டு தட்டு விரலில் அதிர்ந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்காக எனக்கு வேலை ஓடியதே இல்லை. நான் அடிக்க, இரண்டு தட்டு. அடுத்தது, இரண்டு தட்டு. பையன் நன்றாகத் தேறிவிட்டான் என்றுகூட நினைத்தேன். ஒரு வரிசை முடிந்து இரண்டாவது வரிசையில் பாதி வந்திருப்பேன், ஓர் ஆணியை அடித்ததும் மூன்று தட்டு வந்தது.

கை நின்றுவிட்டது. மூன்று தட்டு என்றால் இது கெட்டது, எடுத்துவிடு என்று அர்த்தம். பெங்களூர் ஆலையில் அப்படித்தான், ஆனால் இசக்கிக்கு நான் அதைச் சொன்னதே கிடையாது. சரி, எங்கேயோ கேட்டிருப்பான் என்று அந்த ஆணியைத் துளைத்து எடுத்தேன். ஓட்டையின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், உள்பக்கமாக ஓடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் பட்டிருக்காது.

"லே இசக்கி, எப்படிலே கண்டுபிடிச்ச?" என்று காதடைப்பைக் கழற்றிக் கூப்பிட்டேன். வாசல் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் இசக்கி. கையில் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி.

"எக்கா, ரொம்ப நேரமாச்சோ? பத்தமடைப் பட்டறையில ஒரே கூட்டம். கட்டி முனை பேந்து போச்சுன்னு தீட்டிட்டு வாரேன். என் வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு, சாரத்துக்குக் கீழ நின்னு சொல்லிட்டுத்தானக்கா தோட்டத்துக் காவக்காரர் வண்டிய எடுத்துட்டுப் போனேன்? என்னக்கா இப்படிப் பாக்கிய?"

கட்டியைத் தொட்டுப் பார்த்தேன், தீட்டிய சூடு இன்னும் இருந்தது. அவனைச் சாரத்தில் ஏறச் சொல்லி, நான் அடித்த வரிசையைக் காட்டினேன். அவன் எண்ணிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாரத்தைவிட்டு இறங்கி வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

"எக்கா, சம்பளமே வேண்டாம். அதுக்குள்ள நான் போவ மாட்டேன்."

"நீ போவ வேண்டாம். வெளிய நின்னு அடி. நான் உள்ள போறேன்."

பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்து போனேன். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. யாரும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. நான் அடித்த ஆணிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக நசுங்கியிருந்தன. கெட்ட ஆணி இருந்த இடத்தைச் சுற்றி உள்பக்கத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். விரலை வைத்தேன், சிவப்பு விரலில் ஒட்டியது. எங்களிடம் அப்படி ஒரு பென்சிலே கிடையாது.

கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு வட்டம், நாங்கள் தொடவே தொடாத பழைய ஆணிகளைச் சுற்றி. அவற்றையும் துளைத்து எடுக்கச் சொன்னேன். இரண்டிலும் விரிசல். மூன்று இடத்திலும் ஒட்டுத் தகடு வைத்து, நான் முட்டுக் கொடுக்க இசக்கி அடித்தான். வெளியே வரும்போது நன்றாக இருட்டியிருந்தது.

மறுநாள் பொறியாளர் வாலில் ஆள் ஏற்றித் தொங்கவிட்டே பார்த்தார். அசையவில்லை. கையெழுத்துப் போட்டார். எதிரொலியாக இருக்கும், அசதியில் மனசு செய்த வேலையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு பழைய தகட்டில் முட்டு இல்லாமல் அடித்தும் பார்த்தேன் ஐயா, ஒரு ஆணிகூடப் பிடிக்கவில்லை. இதற்குமேல் என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

இப்போது பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள், சிரிப்பும் சத்தமுமாக இருக்கிறது. நான் மட்டும் மாதம் ஒருமுறை பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வாலுக்குள் தவழ்ந்து போகிறேன். டாக்டரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாலாவதாக ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் ஆணி இல்லை, விரிசல் இல்லை, வெறும் நல்ல தகடு. போன வாரம்கூடப் பார்த்தேன். அந்த இடத்தில் இன்னும் விரிசல் விழவில்லை.